பள்ளியில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சித் தோட்டம் ஒன்றைப் பராமரித்துவருகிறேன். நான் ஆசிரியர் அல்ல. அங்கே படிக்கும் பிள்ளையின் தாய். தொடங்கிய நாட்களில் எந்தச் செடியை முதலில் வைப்பது, யாரிடம் கையெழுத்து வாங்குவது, மருந்தடிக்காத கன்று எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்தேன். கிடைத்த குறிப்புகளில் பாதி வெளிநாட்டுச் செடிகளைப் பற்றியவை. மீதி, "வண்ண வண்ணப் பூச்செடிகள் வையுங்கள்" என்பதோடு நின்றுபோனவை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பூச்செடிகள் மட்டும் உள்ள இடத்துக்கு வண்ணத்துப்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். புழு தின்பதற்கு உரிய இலை இருந்தால்தான் அங்கே முட்டையிடும். பிள்ளைகள் பார்க்க வேண்டியது அந்த முட்டையிலிருந்து நடப்பதையெல்லாம். ஆகவே, இலை தின்னப்படுவதற்காகவே செடி வளர்க்கிறோம் என்பதைத் தலைமை ஆசிரியர் முதல் கூட்டிப் பெருக்கும் அம்மா வரை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பத்தடிக்குப் பத்தடி போதும். சுவரோரமாக நாலடி அகலத்தில் நீண்ட பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் செடியை மிதிக்காமல் ஒரு பக்கமாக நின்று பார்க்கலாம். நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். காலை வெயில் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வண்ணத்துப்பூச்சிகள் இறகை விரித்து வெயில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் பறக்கத் தொடங்கும். காற்று வேகமாக அடிக்கும் திறந்த மைதான ஓரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பிள்ளைகள் வாளி தூக்கிப் போகும் தூரம் அதிகமானால், இரண்டாம் மாதமே ஆர்வம் வற்றிவிடும். கட்டட வேலை, புதிய கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று ஏதாவது அந்த மூலையில் திட்டமிடப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வாய்மொழி அனுமதியை நம்பி மண்ணைக் கொத்தாதீர்கள். தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போனால் அந்த அனுமதியும் அவரோடு போய்விடும். நீங்கள் சேர்க்க வேண்டியவை:

முதலாவது, தலைமை ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். ஒரு பக்கத்துக்குமேல் போக வேண்டாம். இடத்தின் அளவு, கையால் வரைந்த படம், வைக்கப்போகும் செடிகளின் பட்டியல், பொறுப்பாளர் யார், செலவு யாருடையது என்பவை இருக்கட்டும். "இந்தப் பகுதியில் பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ பயன்படுத்தப்படாது, இலைகள் புழுக்களால் உண்ணப்படுவது இயல்பு" என்ற வரியை மறக்காமல் சேருங்கள். பின்னால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த வரிதான்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் ஒரு தீர்மானம். கூட்ட நாளை முன்கூட்டியே விசாரித்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தேசியப் பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ இருந்தால், அதன் பொறுப்பாசிரியர் பெயரிலேயே தோட்டத்தைப் பதிந்துவிடுவது நல்லது. பெற்றோர் ஒருவர் விலகினாலும் தோட்டம் நிற்கும்.

மூன்றாவது, பெற்றோர் ஒப்புதல். பிள்ளை மண்ணில் வேலை செய்யும், புழுவை அருகிலிருந்து பார்க்கும், படம் எடுக்கப்படலாம் என்று மூன்று வரி போதும். ஒவ்வாமை ஏதாவது உண்டா என்ற கேள்வியையும் அதே தாளில் கேட்டுவிடுங்கள்.

நான்காவதாக, வண்ணத்துப்பூச்சியைப் பிடிப்பதற்கான அனுமதித் தாள் ஒன்று தேவைப்படாது, ஏனென்றால் நாம் எதையும் பிடிக்கப்போவதில்லை. வண்ணத்துப்பூச்சிகளை வலைபோட்டுப் பிடித்து, ஊசி குத்திச் சட்டத்தில் மாட்டும் பழைய பாணி செய்முறையை யாராவது பரிந்துரைப்பார்கள். மறுத்துவிடுங்கள். பல வண்ணத்துப்பூச்சி இனங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் இருக்கின்றன. எந்த இனம் என்று அடையாளம் தெரிவதற்கு முன்பே பிடித்துக் கொல்வது பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க செயலும் அல்ல.

3. செலவு

எங்கள் பக்கத்து விலையைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் சற்று மாறும். கறிவேப்பிலைக் கன்று 20 முதல் 40 ரூபாய். நாட்டு எலுமிச்சைக் கன்று 50 முதல் 100 ரூபாய். இட்லிப்பூச் செடி 50 ரூபாய்க்குள் கிடைக்கும். மண்புழு உரம் இரண்டு மூட்டை, பூவாளி ஒன்று, களைக்கொத்து நான்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி மூன்று, மூங்கில் குச்சியும் கயிறும் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். எருக்கு, வெட்டுக்காயப் பூண்டு, பருப்புக்கீரை போன்றவற்றுக்குக் காசே வேண்டாம்; தெருவோரத்திலிருந்து கொண்டுவரலாம். எரு கேட்டால் மாடு வைத்திருக்கும் பெற்றோர் கொடுத்துவிடுவார்கள்.

மரக்கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காகக் கன்றுகள் வளர்க்கிறார்கள். பள்ளித் தலைப்பிட்ட கடிதத்தில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு போனால் பேச்சு எளிதாகும்.

பெயர்ப்பலகை, வண்ணக் கற்கள், செயற்கைக் குளம் ஆகியவற்றில் பணத்தைப் போடாதீர்கள். பணம் கொடுப்பவர்கள் பலகையைத்தான் முதலில் கேட்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

4. எந்த மாதத்தில் எதைச் செய்வது

ஜூனில் பள்ளி திறந்ததும் தாள் வேலையை முடித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மண்ணைக் கொத்தி எரு போட்டு, எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற நிலைத்து நிற்கும் செடிகளை நடுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது பூச்செடிகள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் செடிகள் தளிர் விடும். அந்தத் தளிரைத் தேடித்தான் பெண் வண்ணத்துப்பூச்சிகள் வரும். நம் பக்கத்துச் சமவெளிகளில் அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரைதான் அறுவடைக் காலம். கோடையில் நட்டுவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று பலர் கைவிடுகிறார்கள்.

முட்டையிலிருந்து இறகு விரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். டிசம்பர் நடுவில் முட்டையைக் கண்டுபிடித்தால், முக்கியமான நாட்கள் அரையாண்டு விடுமுறைக்குள் விழுந்துவிடும். நவம்பரை வீணாக்காதீர்கள்.

5. புழுவுக்கான செடிகள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான் பிள்ளைத்தொட்டில். வேறு இலையை வைத்தால் அதன் புழு பட்டினி கிடந்து சாகுமே தவிர, அந்த இலையைத் தொடாது.

கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம்: இவற்றில் ஒன்றாவது இல்லாமல் தொடங்காதீர்கள். எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் வரும். முட்டை கடுகைவிடச் சிறியது, வெளிர்மஞ்சள் உருண்டை. இளந்தளிரின் மேல் ஒட்டியிருக்கும். பொரித்த புழு முதல் சில நாட்கள் காக்கை எச்சம் விழுந்ததுபோல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். பறவைகள் ஏமாந்து விட்டுவிடும். நம் பிள்ளைகளும் ஏமாந்து துடைத்துப் போட்டுவிடுவார்கள், கவனம். வளர்ந்து கடைசித் தோல் உரித்ததும் பச்சையாகிவிடும். ஒரு புல்லால் மெல்லச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு இரண்டாகப் பிரிந்து வெளியே வரும், கூடவே ஒரு நாற்றமும். அது எதிரியை விரட்டும் கருவி. ஒரு முறை காட்டினால் போதும். பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கினால் புழு களைத்துப்போகும்.

எருக்கு: வெந்தய வரியன் இதில் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று சோடிக் கறுப்பு இழைகளோடு இருக்கும் இதன் புழுவைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். எருக்கம்பாலில் உள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்வதால் அதற்கு ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. சிறிய பிள்ளைகளுக்கு முதல் புழுவாக இதைக் காட்டுவதுதான் எளிது. ஆனால் எருக்கை வைக்க எதிர்ப்பு வரும். பாழடைந்த வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற பூ அல்லவா என்று பேசிப் பாருங்கள், எங்களுக்குக் கைகொடுத்தது. விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் வந்து செடியையே மொட்டையடித்துவிடுவார்கள் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எருக்கை ஒடிப்பதும் வெட்டுவதும் பெரியவர்கள் மட்டும்.

ஈஸ்வரமூலிக் கொடி அல்லது ஆடுதின்னாப்பாளை: சிவப்புடல் அழகிக்கு. கிடைப்பது கடினம்; மூலிகைப் பண்ணைகளில் விசாரியுங்கள். இது இருந்தால் பிள்ளைகளுக்கு அருமையான புதிர் ஒன்று கிடைக்கும். சிவப்புடல் அழகி நஞ்சுள்ளது, பறவைகள் தொடாது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, அப்படியே அதன் கோலத்தைப் போட்டுக்கொண்டு திரியும். இறகை வைத்துப் பிரித்தறிய முயன்றால் குழப்பம்தான். உடலைப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் சிவப்பென்றால் உண்மையானது, கறுப்பென்றால் வேடம்.

சரக்கொன்றை, தகரை ஆகியவற்றுக்கு மஞ்சளும் வெளிர்பச்சையுமான வண்ணத்துப்பூச்சிகள் வரும். நெட்டிலிங்க மரம் ஏற்கெனவே பள்ளியில் நின்றால், அதன் கீழ்க்கிளைத் தளிர்களைக் கவனியுங்கள். தனியே எதுவும் நட வேண்டியதில்லை. ஆமணக்கிலும் ஒரு வண்ணத்துப்பூச்சி வளரும், ஆனால் அதன் விதை கொடிய நஞ்சு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நான் வைக்க மாட்டேன். அரளியும் அப்படியே.

ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று செடிகள் வையுங்கள். கடைசி வாரத்தில் ஒரு புழு தின்னும் வேகத்துக்குச் சிறிய எலுமிச்சைக் கன்று ஒன்று மொட்டையாகிவிடும்.

6. தேனுக்கான பூக்கள்

இது எளிது. இட்லிப்பூ, துளசி, செவ்வந்தி வகைகள், சீமை நாயுருவி ஆகியவை போதும். வெட்டுக்காயப் பூண்டு தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள். சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதைவிட நல்ல பூ கிடையாது. அடுக்கு அடுக்காக இதழ் நிறைந்த கலப்பினப் பூக்களில் பெரும்பாலும் தேனை எட்ட முடியாது. ஒற்றை அடுக்குப் பூவாகப் பார்த்து வாங்குங்கள். தேள்கொடுக்குச் செடியும் கிலுகிலுப்பையும் இருந்தால், வெந்தய வரியன் போன்ற வரியன் வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் வாடிய தண்டைச் சுற்றி மொய்க்கும். பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்கத் தேவையான வேதிப்பொருளை அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. உண்ணிச்செடி நிறைய வண்ணத்துப்பூச்சிகளை இழுக்கும் என்றாலும் நடாதீர்கள். நம் காடுகளை அது படுத்தும் பாடு போதும்.

ஓரத்தில் ஒரு பூசணிக் கொடி விடுங்கள். அதைக்கொண்டு மகரந்தச் சேர்க்கையைக் கண்ணெதிரே காட்டலாம். பூவுக்கு அடியில் குட்டிக் காய் போன்று உருண்டிருந்தால் அது பெண் பூ. மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டுகள் இரண்டைத் தேர்ந்து, முதல் நாள் மாலையே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். மறுநாள் அதிகாலையில் ஒன்றை மட்டும் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் தடவி மீண்டும் கட்டுங்கள். மூன்றாவது பெண் பூவைத் தேனீக்களுக்கு விட்டுவிடுங்கள். பூசணிப்பூ முற்பகலிலேயே சுருங்கிவிடுவதால் பள்ளி மணிக்கு முன்பே வர வேண்டியிருக்கும். தொடாமல் கட்டிவைத்த பூவின் பிஞ்சு சில நாட்களில் பழுத்து விழும். மற்றவை காய்க்கும். தேனீ எதற்கு என்ற கேள்விக்கு அதன்பின் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

7. மருந்து: தோட்டங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்

நாற்றுப் பண்ணைகளில் கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளுக்குப் பூச்சிக்கொல்லி அடிப்பது வழக்கம். வேர் வழியே உறிஞ்சப்பட்டு இலை முழுவதும் பரவும் மருந்துகளும் உண்டு, கழுவினால் போகாது. எங்களிடம் வந்த முதல் தொகுதிக் கன்றுகளில் பொரித்த புழுக்கள் ஒன்றுவிடாமல் சுருண்டு விழுந்தன. பண்ணையில் மருந்தே அடிக்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். இலையில் ஓர் ஓட்டைகூட இல்லாத, பளபளப்பான கன்றைக் கண்டால் சந்தேகப்படுங்கள். புழு தின்ற தடமுள்ள கன்றே நமக்கு வேண்டியது. வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த கறிவேப்பிலைக் கன்று எல்லாவற்றையும்விடச் சிறந்தது. கடையில் வாங்கினால், சில மாதங்கள் வளரவிட்டு, புதிதாக வந்த தளிர்களில் புழு பிழைக்கிறதா என்று பாருங்கள்.

வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று யாராவது தெளிப்பார்கள். அது புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும்; இங்கே கூடாது. கொசுப் புகை அடிக்கும் நாட்களை உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுவைத்து, அன்று புழுவுள்ள சிறிய தொட்டிகளை உள்ளே எடுத்து வையுங்கள். அதிகாரிகள் பார்வையிட வரும் முன் வளாகத்தைச் சுத்தம் செய்யும்போதும் செடிகள் வெட்டப்படும். ஒரு கயிற்று வேலியும், "புழுக்கள் வளர்கின்றன, வெட்ட வேண்டாம்" என்று பிள்ளைகள் கையால் எழுதிய அட்டையும் பெருமளவு காப்பாற்றும்.

8. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விதிகள்

இறகைப் பிடிக்கக் கூடாது. புழுவை விரலால் எடுக்காமல் அது இருக்கும் இலையோடு எடுக்க வேண்டும். உடல் முழுக்க ரோமம் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடவே கூடாது. அவை அநேகமாக அந்துப்பூச்சிகளின் புழுக்கள், அரிப்பு தாங்க முடியாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மழைக்காலத்தில் புதருக்குள் கைவிடும் முன் ஒரு பெரியவர் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

9. உற்றுநோக்கும் முறை

காலை ஒன்பது முதல் பதினொன்றரைக்குள் வையுங்கள். ஒரு குழுவில் ஐந்து பேருக்குமேல் வேண்டாம். ஒரே பாதை, ஒரே கால அளவு, பதினைந்து நிமிடம், வாரம் ஒரு முறை. பாதையும் நேரமும் மாறாமல் இருந்தால்தான் இந்த வாரக் கணக்கைப் போன வாரக் கணக்கோடு ஒப்பிட முடியும்.

நோட்டில் ஆறு கட்டங்கள் போதும்: தேதியும் நேரமும், வெயிலா மேகமூட்டமா, எந்தச் செடி, எத்தனை, என்ன செய்தது, ஒரு படம். பெயருக்குக் கட்டம் தனியே வைக்காதீர்கள். பெயர் தெரியாத பிள்ளை எழுதாமலே நோட்டை மூடிவிடும். "என்ன செய்தது" என்ற கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது: தேன் குடித்தது, வெயில் காய்ந்தது, ஈரமண்ணில் உறிஞ்சியது, இன்னொன்றைத் துரத்தியது, முட்டையிட்டது. ஈரமண்ணுக்காக ஒரு மண்தட்டில் மணலும் சிட்டிகை உப்பும் போட்டு நனைத்து வையுங்கள். ஆண் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச்சத்துக்காக வரும்.

முட்டையிட வந்த பெண்ணை அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். அது பூவை நாடாது. இலைக்கு இலை தாவி, ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்க்கும். வண்ணத்துப்பூச்சிக்குச் சுவை தெரிவது காலில். சரியான இலையென்று தெரிந்ததும் வயிற்றை வளைத்து ஒரு கணம் தொட்டுவிட்டுப் பறந்துவிடும். அந்த இலையின் காம்பில் வண்ண நூல் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கு ஓடிவருவது அந்த நூலுக்காகத்தான்.

பெயர் அறிய, படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிந்தால் தெரிந்தவர்கள் உதவுவார்கள். ஆசிரியரின் கணக்கு ஒன்றே போதும். பிள்ளைகள் பெயரிலோ முகத்தோடோ எதையும் பதிய வேண்டாம். செப்டம்பர் மாதத்தை இந்தியா முழுக்க வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடி, கணக்கெடுப்புகள் நடத்துகிறார்கள். உங்கள் நோட்டை அப்போது தொடங்கினால் ஊக்கம் கிடைக்கும். திருச்சிக்கு அருகில் இருப்பவர்கள், ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் வனத்துறை அமைத்துள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு முறை அழைத்துப் போகலாம். விடுமுறை நாளையும் பள்ளிக் குழுக்களுக்கான கட்டணத்தையும் முன்பே விசாரித்துவிடுங்கள். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் உங்கள் பள்ளிக்கு வருமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது மலைக்காடுகளில் வாழ்வது. சமவெளியில் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

10. வகுப்பறையில் ஒரு புழு

செடியிலேயே விட்டுப் பார்ப்பதுதான் நல்லது. ஆனால் கூட்டுப்புழுவாகும் தருணத்தைப் பார்க்க, ஒன்று அல்லது இரண்டை மட்டும் உள்ளே வளர்க்கலாம். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டி, வாயில் மெல்லிய துணி. இலைக்கொத்தைச் சிறிய தண்ணீர்க் குப்பியில் நிறுத்தி, குப்பியின் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். இல்லையென்றால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். எச்சத்தைத் தினமும் கொட்டி, புதிய இலை வைக்க வேண்டும். வெள்ளி மாலை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று பட்டியல் போட்டுவிடுங்கள்.

முற்றிய புழு திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலையும். நோய் என்று பயப்பட வேண்டாம். கூடு கட்ட இடம் தேடுகிறது. ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். செடியில் இருப்பவையும் இப்படித்தான் இறங்கிச் சுவருக்கோ வேலிக்கோ போய்விடும். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் குளவியோ ஈயோ வெளியே வரும். புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிகள் அவை. பிள்ளைகள் அழுவார்கள். மறைக்காமல், அதுவும் ஓர் உயிரின் பிழைப்பு என்று உட்கார்ந்து பேசுங்கள். வண்ணத்துப்பூச்சி வெளிவந்ததும் சொட்டும் செந்நிற நீரைப் பார்த்து ரத்தம் என்று அலறுவார்கள். அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இறகு விரிந்து காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை யாரும் புட்டியை அசைக்கக் கூடாது. பிறகு தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

11. மே மாதம்

ஏப்ரலிலேயே தண்ணீர்ப் பட்டியல் தயாராகிவிட வேண்டும். பள்ளிக்கு அருகில் வீடுள்ள பிள்ளைகள் நான்கைந்து பேர், ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள், கூடவே ஒரு பெரியவர். வாயில் சாவி யாரிடம் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள். பூட்டிய வாயிலுக்கு வெளியே வாளியோடு நிற்கும் நிலை வரக் கூடாது. செடிகளின் அடியில் தென்னை மட்டை, காய்ந்த சருகு பரப்பிவிட்டால் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் போதும். பூச்செடிகள் காய்ந்தால் கவலைப்படாதீர்கள், விதை எடுத்துவைத்து மறுபடி போடலாம். எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் மட்டும் எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். ஜூனில் பழைய நோட்டை ஐந்தாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தீர்மானத்தின் நகலைப் புதிய பொறுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள்.